திகன மைதானத்தில் ஒரு களை

மருமகளோடு வெளிநாடு போன மாமியார் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் மருமகள் ரேவதி கோல்ஃப் ஆடுகிறவள். பொழுதுபோக்குக்கு இல்லை, அதுதான் அவள் தொழில். ஊர் ஊராகப் போய்ப் போட்டியில் ஆடுவாள். இந்தத் தடவை இலங்கையில், கண்டிக்குப் பக்கம் திகன என்ற இடத்தில் போட்டி. எப்போதும் கூடப் போகிற அவளுடைய அண்ணன் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான். என் மகன் பிரபு ராணுவத்தில் லாரி ஓட்டுகிறான், அவனுக்கு லீவு இல்லை. “நான் தனியாப் போய்க்குவேன் அத்தை” என்றாள். “அதெல்லாம் வேண்டாம், நான் வர்றேன்” என்றேன். அவள் முகம் கொஞ்சம் மாறியது.

ஏன் மாறியது என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பேச்சின்போதே நான் ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம் அவள் இஷ்டம்போல் ஆடலாம். அதற்குள் ஒரே ஒரு போட்டியிலாவது முதல் பத்துப் பேருக்குள் வர வேண்டும். வந்தால் தொடரலாம். வராவிட்டால் கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிற விளையாட்டு டீச்சர் வேலைக்குப் போய்விட வேண்டும். அவளும் சரியென்று தலையாட்டித்தான் கழுத்தை நீட்டினாள். அந்த வருஷம் இப்போது முடியப் போகிறது. பதினைந்தாவது வந்தாள், இருபத்திரண்டாவது வந்தாள், பல ஊர்களில் பாதியிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். பத்துக்குள் வரவே இல்லை. கண்டிதான் கடைசி. கூட வருகிற மாமியார் துணைக்கு வருகிறாளா, தீர்ப்புச் சொல்ல வருகிறாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

விமான நிலையத்திலிருந்து கண்டிக்கு வேனில் போனோம். ரேவதியின் பை என் தோள் உயரம் இருக்கும். உள்ளே பதினான்கு ஸ்டிக். பின்னால் வைத்தால் கதவு சாத்தவில்லை, நடுவில் வைத்தால் டிரைவருக்குக் கியர் போட இடமில்லை. கடைசியில் அதற்கு ஓர் இருக்கை கொடுத்து பெல்ட்டும் மாட்டினார்கள். நான் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டேன். வழியெல்லாம் பச்சை. எங்கள் நீலகிரிப் பச்சை குளிர்ந்து கிடக்கும். இது வெதுவெதுவென்று மூச்சு விடுகிற பச்சை. தென்னையும் பலாவும் வாழையும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, வீடுகளை மறைத்துக்கொண்டு நின்றன.

கடுகண்ணாவையில் மலை ஏறும்போது மழை தூறியது. எங்கள் மலைப்பாதையில் இருக்கிற ஊசி வளைவு இங்கே இல்லை, ஆனால் பாதை பாம்பு மாதிரி ஏறுகிறது. ஒரு கடையில் நிறுத்தி, பால் இல்லாத தேநீர் வாங்கினோம். பிளேன்டீ என்கிறார்கள். சர்க்கரை போடவில்லை. கையில் கித்துள் என்ற பனை மாதிரி மரத்துக் கருப்பட்டி ஒரு துண்டைக் கொடுத்து, கடித்துக்கொண்டு குடிக்கச் சொன்னார்கள். தேயிலை விளைகிற மலையில் பிறந்தவள் நான். தேநீரை இப்படிக் குடிக்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கருப்பட்டி நாக்கில் கரைய, எதிர்ப்பக்கத்து மலை மேகத்துக்குள் போய்விட்டு மறுபடி வந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, டிரைவர் வந்து கூப்பிட்ட பிறகுதான் ஏறினேன்.

குண்டசாலையில் ஒரு வீட்டு மாடியில் தங்கினோம். வீட்டுக்காரி பெயர் நூர். எல்லாரும் நூர் ராத்தா என்றார்கள், அக்கா என்று அர்த்தமாம். என் வயதிருக்கும். அவளுடைய அண்ணன் தம்பிகள் அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கிறார்கள்.

“வாங்கொ அக்கா, வாங்கொ. மொதல்ல தேத்தண்ணி குடிங்கொ” என்றாள். பையைப் பார்த்துவிட்டு, “புள்ள என்ன, வாத்தியம் வாசிக்கிறதா?” என்றாள்.

“இல்லை, கோல்ஃப் ஆடுது. என் மருமகள்.”

“மருமகளா? மருமகளோடயா பயணம் வந்தீக்கி?” அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “என்ட மருமகளோட நான் அக்குறணைக் கடைத்தெருவுக்குக்கூட ஒண்டாப் போனதில்ல அக்கா!”

ரேவதி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

காலையில் என்னை எழுப்பியது ஒரு பாட்டு. சன்னலைத் திறந்து பார்த்தால் பாண் விற்கிற ஆட்டோ. பாண் என்றால் இங்கே ரொட்டி. கண்ணாடிப் பெட்டிக்குள் பணிஸ் என்கிற பன்களை அடுக்கிக்கொண்டு, வெள்ளைக்காரச் சங்கீதம் ஒன்றைச் சிணுங்கிக்கொண்டு, வளைவில் போய் மறைகிறது. மறைந்த பிறகும் பாட்டு பக்கத்துக் குன்றில் பட்டுத் திரும்பி வருகிறது. நூர் ராத்தா இடியாப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்தாள். எங்கள் வீட்டில் தேங்காயைச் சட்னியாக அரைப்போம், இங்கே அரைக்காமல் மிளகாயோடு இடிக்கிறார்கள். காரம் காதில் ஏறியது. கேட்டால் இது பிள்ளைகளுக்குச் செய்கிற காரமாம்.

மைதானத்துக்கு ஆட்டோவில் போனோம். பை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. திகனச் சந்தியில் காய்கறிக்காரர் ஒருவருடைய குடையை அது கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் பின்னாலேயே ஓடிவந்து சிங்களத்தில் ஏதோ கத்தினார். டிரைவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “மழை வரும், குடையைக் கொடுத்துட்டு என்னை வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொல்றார்.”

மைதானம் என்றார்களே தவிர, நான் பார்த்தது ஒரு பெரிய கனவு மாதிரி இருந்தது. மலைச்சரிவு முழுக்கப் புல். சரிவு முடிகிற இடத்தில் நீர்த்தேக்கம், பரந்து அசையாமல். அதற்கு அப்பால் நீலமாக மலைகள், விரல் முட்டிகளை மடக்கி வைத்தது போல. புல்லின் மேல் மயில்கள் யாரையும் கேட்காமல் நடந்தன.

உள்ளூரில் பை தள்ள ஆள் ஏற்பாடு செய்திருந்தார்கள். செல்வம் என்று பெயர். முப்பது வயதுக்காரர், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். “வாங்கம்மா, இந்தப் பக்கம் நெழல்ல நில்லுங்க” என்று அவர் பேசியது எங்கள் ஊர்ப் பேச்சு மாதிரியே இருந்தது. நீலகிரி என்றதும், “எங்க பெரியப்பா ஆளுங்க அங்கதான் போய்ட்டாங்க, கூடலூர்ப் பக்கம்” என்றார்.

நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு அவரே சொன்னார்: “இந்தத் தண்ணிக்குக் கீழ ஒரு டவுன் இருக்குங்கம்மா. பழைய தெல்தெனிய. கடை, பஸ் ஸ்டாண்டு, கோயிலு எல்லாம் இருந்திச்சாம். அணை கட்டுனப்ப முங்கிப்போச்சி. நல்லா வெயில் காஞ்சா பன்சலைச் சொவரு வெளிய தெரியும்.”

பன்சலை என்றால் புத்தர் கோயில். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரை நான் சாதாரணமாகப் பார்க்கவே இல்லை. மத்தியானம் மரத்தடியில் கண் அசந்தபோது ஒரு கனவு. தண்ணீருக்கு அடியில் கடைத்தெரு. தெருவில் புல். வரிசையாகப் பெண்கள் குந்திக் களை எடுக்கிறார்கள். தலைக்கு மேலே, நிலா மாதிரி, ஒரு வெள்ளைப் பந்து மெதுவாக மிதந்து போகிறது.

களை எடுக்கிற பெண்கள் கனவில் வந்ததில் ஆச்சரியம் இல்லை. எங்கள் ஊர் கோல்ஃப் மைதானத்தில் முப்பது வருஷம் அதுதான் என் வேலை. குழி இருக்கிற இடத்தைச் சுற்றி நறுக்கிய புல் பட்டுத் துணி மாதிரி இருக்கும், அதற்குக் கிரீன் என்று பெயர். அதில் நாங்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாகக் குந்திப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே களை எடுப்போம். வேர் அறக்கூடாது. எடுத்ததை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆட வந்தவர்கள் பந்தைத் தட்டும்போது மரம் மாதிரி இருக்க வேண்டும், இருமக்கூடாது. பந்து பட்டு என் தோளில் ஒரு தழும்பு இருக்கிறது. அடித்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். “பந்து உடையலையே?” என்று கேட்டேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவேன். ஆனால் அந்த மைதானத்தில் எனக்குத் தெரியாத புல் இல்லை.

ரேவதியின் அப்பா அங்கே புல் வெட்டுகிற மெஷின் ஓட்டினார். இவள் பாவாடையும் ஸ்வெட்டருமாகப் பள்ளிக்கூடம் விட்டு வந்து புதரில் பந்து தேடிக் கொடுப்பாள். யாரோ எறிந்த உடைந்த ஸ்டிக்கை அவள் அப்பா பாதியாக அறுத்து, கைப்பிடிக்குச் சைக்கிள் டியூப் சுற்றிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு மெஷின் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற கல்லுச் சரிவில் அடித்துக்கொண்டே இருப்பாள். புல்லில் அடிக்க எங்களுக்கு அனுமதி இல்லை. கல்லில் பட்டால் கை எரியும். அதனாலேயே பந்தை மட்டும் கிள்ளி எடுக்கிற மாதிரி அடிக்கப் பழகினாள் என்று இப்போது பெரிய கோச்சுகள் சொல்கிறார்கள். அப்போது எங்களுக்கு அது ‘டங் டங்’ என்று தலைவலி.

பிறகு மாவட்டம், மாநிலம், கோப்பை, பேப்பரில் போட்டோ. அதுவரைக்கும் எல்லாரும் கை தட்டினார்கள். இனிமேல் இதுதான் தொழில் என்று அவள் கையெழுத்துப் போட்ட பிறகு கைதட்டல் நின்றுவிட்டது. ராத்திரி ரயிலில் பையைக் கட்டிக்கொண்டு தூங்குவாளாம். ஹைதராபாத்தில் பஸ் கண்டக்டர் பைக்கும் டிக்கெட் கேட்டிருக்கிறார். ஓர் ஊரில் கடைசிக் குழியில் இரண்டு சாண் தூரத்திலிருந்து தட்டியதைத் தவறவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாளாம். இதெல்லாம் அவள் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் போனில், “நல்லா இருக்கேன் அத்தை, பதினேழாவது அத்தை” என்பாள், அவ்வளவுதான்.

போட்டியின் முதல் நாள், வேடிக்கை பார்க்கிறவர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நான் நடந்தேன். ரேவதி சுமாராக ஆடினாள். கிரீனில் செல்வம், “தண்ணிப் பக்கமா இழுக்கும் மிஸ்” என்று சொல்ல, கண்ணுக்கு மேடாகத் தெரிகிறதே என்று நான் முனகினேன். பந்து தண்ணீர்ப் பக்கம்தான் போனது. இங்கே புல் வேறு, மண் வேறு. எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாம் நாள் குரங்கு வந்தது. ரேவதி அழகாக அடித்த பந்து புல்லின் நடுவில் போய் நின்றது. மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி, பந்தை எடுத்து, கடித்துப் பார்த்து, பிடிக்காமல் பள்ளத்தில் எறிந்துவிட்டு ஏறிப்போனது. நடுவர் ஒருவர் வந்தார், நரைத்த முடியும் ஓலைத்தொப்பியுமாக ஒரு சிங்கள அம்மா. பந்து முதலில் நின்ற இடத்திலேயே வேறு பந்தை வைத்து அடிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தண்டனை இல்லை. “குரங்கு செஞ்சதுக்கு நீங்க என்ன செய்வீங்க மிஸ்” என்றார் செல்வம். அன்றைக்கு ரேவதி நன்றாக ஆடி மூன்றாம் நாளுக்குத் தேறினாள். பலகையில் அவள் பெயருக்கு முன்னால் பதிமூன்று. எண் எனக்குத் தடையில்லாமல் படிக்க வரும்.

சாயங்காலம் பஸ்ஸில் கண்டிக்குப் போனோம். இந்த ஊர் பஸ் டிரைவர்களுக்கு வளைவு என்றால் கொண்டாட்டம். நான் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் மடியில் உட்கார்ந்து எழுந்தேன். அந்தப் பிள்ளை தன் தோழியிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தது. பக்கத்திலிருந்த அம்மாள் எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார்: “ஆச்சி பஞ்சு மாதிரி இருக்கிறாங்க, இறக்கி விட வேணாம் என்கிறா.”

ஏரியைச் சுற்றி நடந்தோம். கரைச் சுவரில் விளக்கு வைப்பதற்கென்றே முக்கோணமாகத் துளைகள், மேகம் போல வளைந்த விளிம்பு. புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகைக்கு வெள்ளை உடுத்தியவர்கள் கையில் தாமரையோடு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் கடைத்தெருவில் கொத்து ரொட்டி போடுகிற இரும்புச் சத்தம் தாளம் மாதிரி. நாங்கள் ஒரு பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். ரேவதி நெடுநேரம் கண்ணை மூடி நின்றாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத்தான் என்ன கேட்பதென்று வரவில்லை. அவள் ஜெயிக்கட்டும் என்றால், நான் போட்ட நிபந்தனைக்கு எதிராக நானே வேண்டிக்கொள்கிற மாதிரி. ஜெயிக்க வேண்டாம் என்று வாய் வருமா? ஒன்றும் கேட்காமல் திருநீறு பூசிக்கொண்டு வந்தேன்.

கடையில் எருமைத் தயிரில் கித்துள் பாணி என்கிற பாகை ஊற்றிக் கொடுத்தார்கள். ரேவதி இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

“நாளைக்குக் கடைசி நாள் அத்தை.”

“தெரியும்.”

“பத்துக்குள்ள வரலைன்னா…”

“சாப்பிடு கண்ணு” என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் செல்வம் வரவில்லை. போன் வந்தது. மனைவிக்கு இடுப்பு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாராம். “மன்னிச்சிக்குங்க மிஸ், தலைப்பிள்ளை” என்று அவர் தடுமாறியது எனக்கும் கேட்டது. மற்ற ஆட்கள் எல்லாரும் வேறு ஆட்டக்காரிகளோடு போய்விட்டார்கள். ரேவதி பையைச் சக்கர வண்டியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அத்தை, நீங்க வர்றீங்களா? வண்டியைத் தள்ளினாப் போதும். ஒண்ணும் பேச வேண்டாம்.”

என் புடவைக்கு மேல் அவர்கள் கொடுத்த பச்சை மேலங்கியை மாட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகினேன். முப்பது வருஷம் குந்தியே பார்த்த புல்லின் மேல் அன்றைக்குத்தான் நிமிர்ந்து நடந்தேன். கயிற்றுக்கு உள்ளே.

அன்று காலை மூடுபனி நீர்த்தேக்கத்தை மூடியிருந்தது. வானம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. ரேவதி அடிப்பாள், பந்து வெள்ளைக்குள் போய் மறையும், எங்கேயோ ‘தொப்’ என்று கேட்கும். நாங்கள் நடந்து போனால் பந்து அங்கே காத்துக்கொண்டிருக்கும். எங்களோடு ஆடியது ஒரு தாய்லாந்துப் பெண். அவளும் பேசவில்லை. மூன்று பேரும் தூக்கத்தில் நடக்கிறவர்கள் மாதிரி மேட்டில் ஏறினோம், பள்ளத்தில் இறங்கினோம். எத்தனை குழி முடிந்தது என்ற நினைவே எனக்கு இல்லை. ரேவதியின் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூட விறைத்திருக்கிற தோள் அன்றைக்கு இறங்கியிருந்தது. கல்லுச் சரிவில் ‘டங் டங்’ என்று அடித்த பிள்ளை இவளா என்று தோன்றியது. பனி விலகியபோது ஒரு பலகை தெரிந்தது. அவள் பெயருக்கு முன்னால் ஏழு.

ஏழு. நான் வாயைத் திறக்கவில்லை. பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாளே.

முடிய மூன்று குழி இருந்தது. அவள் அடித்த பந்து ஓரத்துப் புல்லுக்குள் உருண்டது. அவள் தாய்லாந்துப் பெண்ணின் பந்துப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள், நான் வண்டியோடு முன்னால் போய்விட்டேன். பந்தை ஒட்டி, பின்னால், அகல இலையோடு ஒரு களை. புதுக் களை, தண்டு சதைப்பற்றாக. என் கை போனது. நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. அடியில் பிடித்து, மணிக்கட்டைத் திருகி, வேர் அறாமல் எடுத்து, மடியில் போட்டுக்கொண்டது. நல்ல சுத்தமான வேலை.

ரேவதி வந்து ஸ்டிக்கை உருவப் போனவள் நின்றாள். ஈரமண் தெரிகிற சின்னக் குழியைப் பார்த்தாள்.

“அத்தை, இங்க ஏதாவது இருந்ததா?”

“களை இருந்தது. எடுத்துட்டேன்.”

“பந்துக்குப் பின்னாலயா?”

“ஒட்டினாப்பல. உன் ஸ்டிக் வர்ற வழியிலயே நின்னுச்சு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது என் மேல் கோபம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. கையை உயர்த்தித் தாய்லாந்துப் பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் வந்து, குழியைப் பார்த்து, என்னைப் பார்த்து, தோளைக் குலுக்கி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். “நான் எதையும் பார்க்கவில்லை, நீ அடி, போகலாம்” என்றாளாம். ரேவதி பதில் சொன்னாள். “நான் பார்த்தேன்” என்றாளாம். இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

ஓலைத்தொப்பி அம்மா சின்னக் காரில் வந்தார். பிடுங்கியதைக் காட்டச் சொன்னார். மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், மண்ணும் வேரும் அப்படியே இருந்தன. பந்தின் பின்னால் வளர்ந்து நிற்கிறதை ஆடுகிறவளோ அவளுடைய பை தள்ளுகிறவளோ தொடக்கூடாதாம். தொட்டால், பந்தை அடித்த கணக்கில் இரண்டு அடி கூட்டி எழுதுவார்களாம். அடி கூடக் கூட இடம் பின்னால் போகிற ஆட்டம் இது. ரேவதி எனக்குத் தமிழில் சொன்னாள், மெல்ல, பால் கணக்குச் சொல்கிற மாதிரி.

“வேர் அறலையே. திருப்பி நட்டுடறேன். நாளைக்கே பிடிச்சுக்கும்னு சொல்லு.”

ரேவதி சொன்னாள். அந்த அம்மா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு தலையாட்டினார்.

“சாய்ஞ்சதுன்னா நிமிர்த்தி விடலாமாம் அத்தை. பிடுங்கினதை நட்டாச் செல்லாதாம்.”

“நேத்து அந்தக் குரங்கு பந்தையே தூக்கிட்டுப் போச்சே! அதுக்கு ஒண்ணும் இல்லை, எனக்கு ரெண்டு அடியா? கேளு அவங்களை!”

“குரங்கு என் பையைத் தள்ளலை அத்தை” என்றாள் ரேவதி.

களையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை எங்கே போடுவதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளினேன். வண்டி கனத்தது.

அடுத்த குழியில் அவளுக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கடைசிக் குழி நீர்த்தேக்கத்தின் மேட்டில் இருந்தது. அந்தக் குழிக்கு வைத்திருக்கிற கணக்கில் ஓர் அடி குறைத்து முடித்தால் பத்துக்குள். பந்து கிரீனில் குழியிலிருந்து எட்டுத் தப்படி தூரத்தில் நின்றது. அவள் குந்தி வழி பார்த்தாள். நான் பழக்கப்படி மரமாக நின்றேன். தட்டினாள். பந்து தண்ணீர்ப் பக்கம் வளைந்து, வளைந்து, குழியின் உதட்டில் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தது. விழவில்லை. எங்கேயோ ஒரு மயில் கத்தியது. இப்போதுகூடக் கண்ணை மூடினால் அந்தப் பந்து அங்கேயேதான் நிற்கிறது, விழப்போகிற மாதிரி.

பதினொன்று.

அடிக் கணக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்வத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம், போனில் படம் வந்திருந்தது. இருவரும் பார்த்தோம். முடி நிறைய. பிறகு அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

“கோயம்புத்தூருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன் அத்தை. எப்ப வேணும்னாலும் சேர்றேன்னு.”

அழவில்லை. குழாய் பக்கத்தில் இல்லை.

“போனை இங்கே கொடு. முதல்ல பிரபுகிட்டப் பேசணும்” என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அழுத்திக் கொடுத்தாள்.

“என்னம்மா ஆச்சு?” என்றான்.

“பதினொண்ணு.”

“சரிம்மா. பரவாயில்லைன்னு அவகிட்டச் சொல்லு.”

“என்னத்தைப் பரவாயில்லை? நான் சொல்றதைக் கேளு. அதுல ரெண்டு அடி என்னோடது. அவ அடிக்கலை. போட்டிக்காரங்க அவ பேர்ல எழுதிக்கிட்டாங்க, அது அவங்க சட்டம், எழுதட்டும். பத்துன்னு சொன்னது யாரு? நான். அது நம்ம வீட்டுச் சட்டம். நம்ம வீட்டுல என்னோட ரெண்டை அவ பேர்ல எழுத முடியாது.” ரேவதி பக்கம் திரும்பினேன். “அதைக் கழிச்சா எத்தனாவது?”

அவள் ஷூவைப் பிடித்தபடியே, “எட்டு” என்றாள்.

“எட்டாம். கேட்டுச்சா? பத்துக்குள்ள வந்துட்டா. அந்தப் பள்ளிக்கூடத்துல வேற ஆள் பார்த்துக்கச் சொல்லிடு.”

பிரபு சிரித்தான். “அப்ப நீ தப்புப் பண்ணிட்டேன்னு ஒத்துக்கறியாம்மா? நான் தேதி குறிச்சு வச்சுக்கறேன்.”

“களை எடுத்தேன்னு சொல்றேன். வை போனை.”

ரேவதி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை. நான் எதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். பனி முழுக்க விலகி, தண்ணீர் வெயிலில் தகடு மாதிரி கிடந்தது.

“அடுத்த போட்டிக்கு அண்ணன் எழுந்துடுவான்” என்றாள் துண்டுக்குள்ளிருந்து. “நீங்க வர வேண்டாம்.”

“வருவேன்.”

“வருவீங்கன்னு தெரியும். கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. கை ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டு.”

“மாமியார்கிட்டப் பேசற பேச்சாடி இது?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுந்து, வண்டியை என்னிடம் கொடுக்காமல் தானே தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புல்லைப் பார்க்காமல், அவள் பின்னால் நடந்தேன்.